ஒரு பூனையும் ஒரு கொப்பியும்



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு கார்ட்டூன் பூனையில் தொடங்கி ஒரு பிள்ளையின் கொப்பியில் போய் முடியும். பிள்ளைகள் உள்ளவர்களும் ஆசிரியர்களும் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோசம்.

எமது வீட்டு அலுமாரியில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது. உயரம் குறைந்த, அகலம் கூடிய, மெல்லிய புத்தகம். மூத்த நானா கட்டாரில் வேலை செய்த காலத்தில், ரூமை விட்டு நாட்டுக்குப் போன யாரோ ஒருவர் போட்டுவிட்டுப் போன சாமான்களுக்குள் இருந்து எடுத்து வந்தது. அட்டையில் ஒரு கொழுத்த செம்மஞ்சள் நிறப் பூனை. பெயர் கார்ஃபீல்ட். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எமக்கு அந்தப் புத்தகம்தான் ஆங்கிலத்தில் பயமில்லாமல் வாசித்த முதல் புத்தகம். ஒரு கதைக்கு மூன்று பெட்டிதான். ஒரு பெட்டிக்கு நாலைந்து சொல்தான். மிச்சத்தைப் படம் சொல்லிவிடும்.

பிறகு ஆசிரியர் கலாசாலைக்குப் போனபோது ஒரு விரிவுரையாளர், கஷ்டமான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் படக்கதையை விட நல்ல சாமான் இல்லை என்று அடிக்கடி சொல்வார். அப்போதே நாம் மனதில் நினைத்துவிட்டோம், இந்தப் பூனையை ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று.

போன வருடம் அது நடந்தது. தரம் 8 வகுப்பு. இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்து, லீவுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. பிள்ளைகளுக்குப் படிக்கும் மனமில்லை. உண்மையைச் சொன்னால் எமக்கும் படிப்பிக்கும் மனமில்லை. பூனைப் படங்கள் மூன்றைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு போனோம். ஒன்று 1978 இல் வந்தது. மற்றது எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. மூன்றாவது அண்மைக் காலத்தில் வந்தது. மூன்றையும் பலகையில் ஒட்டிவிட்டு, "என்ன வித்தியாசம்? ஆங்கிலத்தில் சொல்லுங்கோ" என்றோம்.

ஆங்கிலம் வரவில்லை. தமிழ்தான் வந்தது.

"டீச்சர், இது மூணும் வேற வேற பூனை."

"முதலாவது வாப்பா, நடுவுல உள்ளது மூத்த மகன், கடைசி சின்ன மகன்."

வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. முதலாவது படத்தில் உள்ள பூனை உண்மையிலேயே வயதானது போலத்தான் இருக்கும். உடம்பு ஒரு மூட்டை மாதிரி. கன்னம் தொங்கிப்போய் இருக்கும். கண் சின்னது. கால் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். கடைசிப் படத்தில் கண்கள் இரண்டும் முட்டை போலப் பெரிதாகி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். தலை பெரிதாகி உடம்பு சிறுத்துவிட்டது. கையும் காலும் நீண்டுவிட்டன. பாதம் இரண்டும் தோணி மாதிரி. பூனை மனிதனைப் போல இரண்டு காலில் நிற்கிறது.

"மூன்றும் ஒரே பூனைதான்" என்று சொன்னதும் ஒருவரும் நம்பவில்லை. அப்போதுதான் அந்தப் பூனையின் வரலாற்றைச் சொல்ல வேண்டி வந்தது. அதை இங்கேயும் சொல்கிறோம்.

இந்தப் பூனையைப் படைத்தவர் ஜிம் டேவிஸ் என்ற அமெரிக்கர். 1945 இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்து, அங்கே ஒரு பண்ணையில் வளர்ந்தவர். அந்தப் பண்ணையில் ஏறத்தாழ 25 பூனைகள் இருந்தனவாம். சின்ன வயதில் அவருக்குத் தொய்வு வருத்தம். வெளியே ஓடி விளையாட முடியாமல் வீட்டுக்குள் இருந்த பிள்ளை, பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு படம் கீறப் பழகியது. பெரியவரானதும் முதலில் ஒரு கொசுவை வைத்துத்தான் சித்திரத் தொடர் வரைந்தார். அது உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் சில காலம் வந்தது. பெரிய இடத்துக்குக் கொண்டுபோனபோது, படமும் நன்று, பகிடியும் நன்று, ஆனால் பூச்சியோடு யார் மனம் ஒட்டும் என்று கேட்டுவிட்டார்கள். பத்திரிகைகளில் நாய்க் கார்ட்டூன்கள் நிறைய வருவதையும் பூனைகள் குறைவாக இருப்பதையும் கவனித்துத்தான் பூனைக்கு மாறினார். பூனைக்குத் தன் பாட்டனாரின் பெயரில் இருந்த கார்ஃபீல்ட் என்பதை வைத்தார்.

1978 ஜூன் 19 ஆம் திகதி 41 பத்திரிகைகளில் அந்தப் பூனை முதன்முதலாக வந்தது. அன்று ஒரு திங்கட்கிழமை. இதைச் சொன்னதும் வகுப்பில் இன்னொரு சிரிப்பு. ஏனென்றால் கார்ஃபீல்டுக்குப் பிடிக்காத நாள் திங்கட்கிழமை. வேலையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, பிறகு என்னத்துக்கு அதற்குத் திங்கட்கிழமையோடு கோபம் என்று ஒரு பையன் கேட்டான். எம்மிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிடித்த சாப்பாடு லசானியா என்றதும் அது என்ன என்று கேட்டார்கள். மாத் தகடுகளை அடுக்கி, இடையிடையே இறைச்சியும் சீஸும் வைத்து அவனில் வேகவைப்பது என்றோம். "எங்கட கொத்து மாதிரி, கொத்தாம வைக்கிறது" என்று முடிவு கட்டினார்கள். சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இனி மாற்றத்துக்கு வருவோம். டேவிஸ் ஒருநாள் காலையில் எழும்பி, "இன்று முதல் பூனை இப்படி இருக்கும்" என்று முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு. வருடம் முழுவதும் ஒருநாளும் தவறாமல். இன்றைக்கு 16,000 ஐத் தாண்டிவிட்டது. ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையில் வித்தியாசம் எதையும் காண முடியாது. ஒரு கிழமை விட்டுப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் முதல் ஐந்தாறு வருடத்துக்குள் பழைய பூனை போய் இன்றைய பூனை வந்துவிட்டது. தினமும் காலையில் தேநீரோடு பத்திரிகையைப் பிரித்துப் பார்த்த ஆட்களுக்கு அது கண்ணில் படவே இல்லை.

இதற்கு எதிர்மாறான ஒரு சம்பவமும் உண்டு. தொடர் ஆரம்பித்த கொஞ்ச நாளில் சிக்காகோ நகரப் பத்திரிகை ஒன்று அதை நிறுத்திப் பார்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள் முறைப்பாடு செய்தார்கள். பத்திரிகை பூனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரேயடியாக இல்லாமல் போனால் எல்லோரும் கவனிக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் ஒருவரும் கவனிப்பதில்லை.

கதைக்குள் இருந்த ஆட்களுக்கும் இப்படித்தான் நடந்தது. பூனையின் சொந்தக்காரர் ஜோன். தொடக்கத்தில் அவரோடு லைமன் என்ற கூட்டாளி ஒருவர் அதே வீட்டில் இருந்தார். ஓடி என்ற நாய் லைமனுடையதுதான். ஜோனுக்குக் கதைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக உருவாக்கப்பட்டவர் அவர். ஆனால் நாள் போகப் போக ஜோன் பூனையோடுதான் கதைத்தார். பூனை வாய் திறக்காது, மனதுக்குள் நினைப்பது மட்டும் எமக்குத் தெரியும், ஆனாலும் அந்த இருவருக்கும் இடையில் கதை ஓடியது. லைமனுக்கு வேலை இல்லாமல் போனது. 1983 அளவில் அவர் வருவது நின்றுவிட்டது. பயணம் சொல்லவும் இல்லை, காரணம் சொல்லவும் இல்லை. நாய் மட்டும் அந்த வீட்டில் மிஞ்சியது.

ஜோனும் மாறினார். பெண்களோடு பேசத் தெரியாமல் அவமானப்படுவதுதான் பல வருடமாக அவருடைய பகிடி. மிருக வைத்தியர் லிஸ் 1979 இலேயே தொடரில் வந்துவிட்டார். ஜோன் கேட்டுக் கேட்டு, அவர் மறுத்து மறுத்து, 2006 இல்தான் இருவரும் சேர்ந்தார்கள். 27 வருடம்! "எங்கட ஊர்ல எண்டா இதுக்குள்ள பேரப்புள்ள கண்டிருப்பாங்க" என்று ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர் சொன்னார்.

ஆனால் எமக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் பூனையின் பாதம்தான். தொடக்கத்தில் அதற்குச் சின்னப் பாதம்தான் இருந்தது. சாதாரண பூனையின் பாதம். அதை வைத்துத் தொலைக்காட்சிக்குப் படம் செய்தபோது, இரண்டு காலில் நிற்கவைக்க வேண்டி வந்தது. எப்படிக் கீறினாலும் சரிவரவில்லை. அந்தக் கொழுத்த உடம்பைச் சின்னப் பாதம் தாங்காதது போலவே தெரிந்தது. அந்த நேரம் ஸ்னூப்பி நாயைப் படைத்த சார்ள்ஸ் ஷுல்ஸ் பக்கத்தில் இருந்தாராம். பிரச்சினை பாதத்தில்தான், அதைப் பெரிதாக்கு என்று காட்டிக் கொடுத்தார் என டேவிஸ் பிறகு சொல்லியிருக்கிறார். ஷுல்ஸுக்கு அது தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. 1950 இல் தொடங்கிய அவருடைய தொடரில் ஸ்னூப்பியும் முதலில் நாலு காலில் நடந்த சாதாரண நாய்தான். பிறகுதான் இரண்டு காலில் எழும்பியது.

ஆக, பூனைக்குப் பாதம் பெருத்தது வடிவுக்காக இல்லை. நிற்க வேண்டி இருந்தது, அதனால் பெருத்தது. மற்ற மாற்றங்களிலும் காரணம் தேடலாம். கண் பெருத்ததால் சின்னப் பெட்டிக்குள் வரும் படத்திலும் அதன் எண்ணம் முகத்தில் தெரிகிறது. லைமன் போனதால் அந்த இடத்தைப் பூனை பிடித்துக்கொண்டது.

இதைச் சொல்லி முடித்தபோது பாடவேளை முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. நேரத்தைப் போக்குவதற்காகத்தான், ஒளிக்காமல் சொல்கிறோம், பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தோம்.

"எல்லாரும் உங்கட ஆங்கிலக் கொப்பிய எடுங்க. ஜனவரியில எழுதின முதல் பக்கத்தையும் போன கிழம எழுதின பக்கத்தையும் பாருங்க. உங்கட பூனை என்ன மாதிரி மாறியிருக்கு எண்டு பக்கத்தில இருக்கிற ஆளுக்குச் சொல்லுங்க."

வகுப்பு கலகலத்தது. ஒருவனின் எழுத்து சாய்ந்து போயிருந்தது. ஒருத்தி தலைப்புக்குக் கீழே பூப் போடுவதை நிறுத்திவிட்டிருந்தாள். இன்னொருவன் ஜனவரியில் பேனையைப் புதிதாகப் பிடித்தவன் போல எழுதியிருந்தான், இப்போது பரவாயில்லை. நாம் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தோம்.

பின் வரிசையில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். அமைதியான பிள்ளை. தன் கொப்பியைத் திறக்காமலே வைத்திருந்தாள். வாங்கித் திறந்தோம்.

முதல் பக்கம் முழுமையாக இருந்தது. ஒரு பிழை இல்லை. கடைசிப் பக்கத்தில் பாதி வசனங்கள் தொங்கிக்கொண்டு நின்றன. சொற்களுக்கு நடுவில் வெற்றிடம். ஒரு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போலவே தெரியும் வேறொரு எழுத்து. நடுப் பக்கங்களைத் திருப்பினோம். பெப்ரவரியில் ஒன்றிரண்டு பிழை. மார்ச்சில் நாலைந்து. மே மாதத்துக்குப் பிறகு பக்கம் முழுக்க. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எமது சிவப்புப் பேனை. "கவனம்." "முழுமையாக எழுதவும்." "கவனயீனம்." "ஏன் முடிக்கவில்லை?"

எல்லாம் எமது கையெழுத்து. ஒவ்வொரு நாளும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தோம், கையெழுத்து வைத்தோம், அடுத்த கொப்பிக்குப் போனோம்.

இன்னும் ஒன்று கண்ணில் பட்டது. அதே கொப்பியில், அதே மாதங்களில், சொல்வதெழுதல் எழுதிய பக்கங்கள் சுத்தமாக இருந்தன. பத்துக்கு ஒன்பது, பத்துக்குப் பத்து. காதால் கேட்டு எழுதியதில் பிழை இல்லை. பலகையைப் பார்த்து எழுதியதில்தான் பிழை. சில நாட்களில் பலகை வேலையும் சரியாக இருந்தது. ஏன் என்று கேட்டோம். பக்கத்தில் இருக்கும் கூட்டாளி வந்த நாட்களில் அவளுடைய கொப்பியைப் பார்த்து எழுதுவாளாம். அவள் வராத நாட்களில்தான் பாதிப் பக்கம்.

"பலகை தெரியல்லயா மகள்?"

தலையைக் குனிந்துகொண்டு, "மங்கலாத் தெரியும் டீச்சர்" என்றாள்.

"ஏன் சொல்லல்ல?"

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் எண்டு நினைச்சேன்."

இந்தப் பதிலை எம்மால் மறக்க முடியவில்லை. அவளுக்கும் அது ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலகை மங்கியது. நேற்றும் இப்படித்தானே இருந்தது என்று நினைத்திருக்கிறாள். அவளே கவனிக்கவில்லை.

இதில் எமது பிழை இன்னொன்றும் உண்டு. அவளைப் பின் வரிசையில் இருத்தியது நாம்தான். உயரமான பிள்ளை, பின்னால் உள்ளவர்களுக்கு மறைக்கிறாள் என்று முதலாம் தவணை நடுவில் மாற்றினோம். அதற்குப் பிறகு வந்த கொப்பியைத்தான் கவனயீனம் என்று திட்டியிருக்கிறோம். தரம் 7 இல் பாடசாலைக்கு வந்து செய்த வைத்தியப் பரிசோதனையில் குறை எதுவும் சொல்லவில்லை என்பதால் கண்ணைப் பற்றிய நினைப்பே எமக்கு வரவில்லை. வளரும் வயதில் ஒரு வருடத்துக்குள் கண் மாறலாம் என்பது தெரியாத விடயம் இல்லை. தெரிந்தும் யோசிக்கவில்லை.

அன்று பின்னேரம் உம்மாவைச் சந்தித்தோம். வாப்பா வெளிநாட்டில். உம்மா கேட்டதும் அழுதுவிட்டார். "டீவிக்குக் கிட்டப் போய் ஒட்டிக்கொண்டு இருப்பா டீச்சர். நான் ஏசி ஏசிப் பின்னுக்கு இழுத்து விடுவேன்" என்றார். நாம் சிவப்புப் பேனையால் செய்ததைத்தான் அவர் வாயால் செய்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

ஆனால் கிளினிக்குக் கொண்டுபோவதில் ஒரு தயக்கம் இருந்தது. காசு மட்டும் இல்லை. "பொம்புளப் புள்ள, இந்த வயசிலேயே கண்ணாடி போட்டா பிறகு ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" ஊரில் உள்ள எல்லோருக்கும் இந்தப் பயம் தெரியும். பெண் பார்க்க வரும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வரச்சொன்ன வீடுகளை நாமும் கண்டிருக்கிறோம். அந்த உம்மாவைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. குறை, அப்படிப் பேசும் எம் எல்லோரிடமும் இருக்கிறது. "நாளைக்கு யாரோ ஒரு வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பயந்து, இன்றைக்கு இந்தப் பிள்ளை பலகையைப் பார்க்காமல் இருக்க வேண்டுமா?" என்று மட்டும் கேட்டோம். இரண்டு கிழமை கழித்து ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக் கூட்டிப் போனார். தூரப் பார்வைக் குறை. கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

மூன்றாம் தவணை தொடங்கியதும் அவளை முன் வரிசைக்கு மாற்றினோம். முதல் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, பலகையைப் பார்க்காமல் யன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டோம். "மரத்தில இலை தனித்தனியாத் தெரியுது டீச்சர்" என்றாள்.

எமது பழைய சிவப்புக் குறிப்புகளை அழிக்க முடியாது. அவளுடைய அனுமதியோடு அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினோம்: "பிழை உன்னுடையது அல்ல. டீச்சர் கவனிக்கவில்லை." அதையும் சிவப்புப் பேனையால்தான் எழுதினோம்.

உறவுகளே, இந்தப் பதிவை எழுதுவது எம்மைப் புகழ்ந்து கொள்வதற்கு இல்லை. ஆறு மாதம் பிந்திக் கண்டுபிடித்ததில் புகழ என்ன இருக்கிறது? ஒரு பூனைப் படம் கையில் இருக்காவிட்டால், நேரத்தைப் போக்க அந்த வேலையைக் கொடுத்திருக்காவிட்டால், வருட முடிவிலும் "கவனயீனமான பிள்ளை" என்றுதான் முன்னேற்ற அறிக்கையில் எழுதியிருப்போம். அடுத்த வருட ஆசிரியரும் அதை வாசித்துவிட்டு அப்படியே நம்பியிருப்பார்.

ஒரு வேண்டுகோள் மட்டும். தினமும் பார்க்கிறோம் என்பதால் எமது பிள்ளைகளை நாம் பார்க்கிறோம் என்று நினைக்க வேண்டாம். இன்று இரவு சாப்பிட்ட பிறகு, பிள்ளையின் கொப்பி ஒன்றை எடுங்கள். வருடத் தொடக்கத்தில் எழுதிய பக்கத்தையும் நேற்று எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் உடனே ஏச வேண்டாம். அந்தப் பூனையின் பாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எதையோ தாங்குவதற்காகத்தான் அது மாறியது. பிள்ளையும் எதையோ தாங்கிக்கொண்டு இருக்கலாம். கண்ணாக இருக்கலாம், காதாக இருக்கலாம், வீட்டில் உள்ள ஒரு கவலையாக இருக்கலாம். என்ன என்று முதலில் கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் அதேதான். ஒரு பாடவேளை போதும். காசு செலவு இல்லை. கொப்பி ஏற்கனவே பிள்ளையின் பையில் இருக்கிறது.

அந்தப் பிள்ளை இப்போது தரம் 9. போன கிழமை எமது மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டு ஓடிவிட்டாள். கார்ஃபீல்டைக் கீறியிருக்கிறாள். இரண்டு காலில், பெரிய பாதத்தோடு நிற்கிறது. முகத்தில் ஒரு கண்ணாடி.